வேலையின் பிடி யார் கையில்? சிங்கப்பூர் வேலையிடங்களில் மன அழுத்தம்

பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் மன அழுத்தம் அதிகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நூறு பேருக்குச் சம்பளம் போட வேண்டியவர், கோடிக்கணக்கில் முடிவெடுப்பவர், மாதம் இரண்டு முறை விமானம் ஏறுபவர், இவர்களுக்குத்தான் ரத்தக்கொதிப்பும் மாரடைப்பும் வரும் என்பது பரவலான எண்ணம். லண்டனில் அரசாங்க ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. 1967ல் தொடங்கிய முதல் ஆய்வில் ஏறத்தாழ 18,000 ஆண்கள் இடம்பெற்றார்கள். கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளின் விகிதத்தைப்போல மூன்று மடங்கை ஒட்டி இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கிலெடுத்துக் கழித்த பிறகும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி மிஞ்சியது.

ஏன் என்று தேடத்தான் 1985ல் மைக்கேல் மார்மட் தலைமையில் இரண்டாம் ஆய்வு தொடங்கியது. இம்முறை பெண்களையும் சேர்த்து 10,308 பேர். எந்த வேலையை முதலில் செய்வது, எந்த வேகத்தில் செய்வது, எப்போது ஓய்வெடுப்பது என்று தாமே முடிவெடுக்க முடிந்தவர்களையும், அது முடியாதவர்களையும் ஒப்பிட்டார்கள். 1997ல் வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது. தன் வேலையின் மீது பிடி குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் இடையிலான வேறுபாட்டில் கணிசமான பங்குக்கு இதுவே காரணமாகத் தெரிந்தது.

ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979லேயே இதைக் கோட்பாடாகச் சொல்லியிருந்தார். வேலையின் சுமை ஒரு பக்கம், அந்த வேலையில் ஒருவருக்குள்ள பிடி இன்னொரு பக்கம். சுமை அதிகம், பிடியும் அதிகம் என்றால் மனிதர் களைப்பார், ஆனால் கற்றுக்கொள்வார், வளர்வார். சுமை அதிகம், பிடி குறைவு என்றால்தான் உடலும் மனமும் கெடுகின்றன. 1996ல் ஜெர்மனியின் யோஹனஸ் சீக்ரிஸ்ட் இன்னொன்றைச் சேர்த்தார்: போடும் உழைப்புக்கும் கிடைக்கும் பலனுக்கும் உள்ள இடைவெளி. பலன் என்று அவர் சொன்னது சம்பளத்தை மட்டுமல்ல. மதிப்பும், வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையும், முன்னேற வழியும் அதில் அடங்கும்.

சுமை, பிடி, பலன். சிங்கப்பூரில் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றும் பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை. மதிய உணவு நேரத்தில் மூச்சுப்பயிற்சி வகுப்பும் கைப்பேசியில் தியானச் செயலியும்தான் வருகின்றன. இரண்டையும் நான் குறை சொல்லவில்லை, அவற்றுக்குரிய இடத்துக்குப் பின்னால் வருகிறேன். ஆனால் அழுத்தம் உண்டாகும் இடம் வேலையின் அமைப்பு என்றால், அதைத் தணிக்கும் முயற்சியும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

உடலுக்குள் நடப்பது

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன. சற்றுப் பொறுத்து கார்ட்டிசோல் சுரந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, நீண்ட போராட்டத்துக்கு உடலைத் தயார்ப்படுத்துகிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பரீட்சைக்கு முன்னும் முக்கியமான கூட்டத்துக்கு முன்னும் வரும் படபடப்பு இப்படி வந்து போவதுதான். அதனால் கெடுதல் இல்லை.

உடல் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருப்பதில்தான் கெடுதல் இருக்கிறது. கார்ட்டிசோல் இயல்பாகக் காலையில் உச்சத்தில் இருந்து இரவில் தாழ வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் வேலையைப் பற்றிய கவலை ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தாளம் குலைகிறது. தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் மறுநாள் சிறிய விஷயமும் பெரிதாகத் தெரிகிறது, அது அடுத்த இரவுத் தூக்கத்தையும் கெடுக்கிறது. நம்மவர்கள் மருத்துவரிடம் போகும்போது “மனசு சரியில்லை” என்று சொல்வது அரிது. தலைபாரம், கழுத்துவலி, வயிற்றெரிச்சல், நெஞ்சு படபடப்பு என்றுதான் தொடங்குவார்கள். அவை கற்பனையல்ல, உண்மையான உடல் தொல்லைகள்.

நேரத்தின் கணக்கும் இங்கே முக்கியம். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல். 2016ல் மட்டும் உலகெங்கும் 745,000 மரணங்களுக்கு நீண்ட வேலைநேரம் காரணமாக இருந்ததென்று அவ்வாய்வு மதிப்பிட்டது. 55 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அது திரும்ப வரும்.

உழைத்து உழைத்து உள்ளே எல்லாம் தீர்ந்துபோகும் நிலையை இப்போது பர்ன்அவுட் என்று பரவலாகச் சொல்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் அதைச் சேர்த்தபோது நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை தொடர்பான நிகழ்வு என்றே குறித்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு வளர்வது, தன் திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது என மூன்று அடையாளங்களைச் சொன்னது. சமாளிக்கப்படாத நீடித்த வேலையிட அழுத்தத்தின் விளைவு என்பது அந்த விளக்கத்திலேயே இருக்கிறது. தனிமனிதரின் பலவீனம் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

சட்டம் எட்டும் இடமும் எட்டாத இடமும்

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் 1968ல் வந்தது. 2019 ஏப்ரலிலிருந்து மேலாளர்கள், நிர்வாகிகள் உட்பட ஏறக்குறைய எல்லா ஊழியர்களுக்கும் அது பொருந்துகிறது. ஆனால் வேலைநேரம், ஓய்வுநாள், மிகுதிநேரச் சம்பளம் பற்றிய நான்காம் பகுதி எல்லாருக்கும் இல்லை. உடலுழைப்பு வேலைகளில் அடிப்படை மாதச் சம்பளம் 4,500 வெள்ளி வரை வாங்குபவர்களுக்கும், பிற வேலைகளில் 2,600 வெள்ளி வரை வாங்குபவர்களுக்கும்தான் அது. அவர்களுக்கு வாரம் 44 மணி நேரம், வாரத்துக்கு ஓர் ஓய்வுநாள், மிகுதிநேரத்துக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம், மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்ற வரம்புகள் உண்டு.

இந்த வேலி எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு 72 மணி நேரம் என்றால் வாரத்துக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம் வரும். 44உடன் சேர்த்தால் வாரம் சுமார் 60 மணி. சட்டத்தை ஒரு மணி நேரமும் மீறாமல், 55 என்ற ஆபத்துக் கோட்டைத் தாண்டி உழைக்க முடியும்.

பாதுகாவலர் வேலையில் இதைக் கண்ணெதிரே காணலாம். கொண்டோ வாசலிலும் அலுவலகக் கட்டட வரவேற்பிலும் நம் தமிழர்கள், அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வாரம் ஆறு நாள் என்பது நெடுங்காலம் அவர்களுக்கு வழக்கமாக இருந்தது. அந்தத் துறைக்கு மிகுதிநேர வரம்பிலிருந்து விலக்கு இருந்ததால் அது முடிந்தது. 2021 ஜனவரியில் அந்த விலக்கு நீக்கப்பட்டது, 72 மணி நேர வாரம் 60 மணி அளவுக்கு இறங்கியது. தியான வகுப்பால் நடந்த மாற்றமல்ல இது. தொழிற்சங்கமும் அரசாங்கமும் பல ஆண்டுகள் பேசி வந்த மாற்றம், பல்லாயிரம் பேரின் தூக்கத்தைத் தொட்ட மாற்றம். இதை நான் மிகப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறோம் என்றும் கருதுகிறேன்.

அடுத்தது கட்டுமானத் தொழிலாளி. புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்து தங்குவிடுதியில் இருப்பவர். விடியுமுன் எழுந்து, கேட்டரிங் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறுகிறார். வேலைநேரத்தில் சேராத இந்தப் பயணம் இரு பக்கமும் அவருடைய தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் ஊரில் வட்டியோடு நிற்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் முகவர் வாங்கும் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்று இங்கே வரம்பு இருக்கிறது. ஊரில் கைமாறும் பணத்துக்கு இந்த வரம்பு எட்டாது. கடன் அடையும்வரை ஓவர்டைம் கிடைத்தால் போதும் என்றிருக்கும் ஒருவரிடம் ஓய்வெடுங்கள் என்று சொல்வதில் என்ன பயன்?

சுமை, பிடி, பலன் மூன்றும் ஒரே நேரத்தில் அவருக்கு எதிராக நிற்கின்றன. எந்த வேலையிடத்துக்குப் போவது, யாரோடு அறையில் தங்குவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என எதுவும் அவர் கையில் இல்லை. வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால் எதிர்த்துப் பேசினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் கூடவே இருக்கிறது. கட்டுமானத் துறையில் அனுமதி முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை எஞ்சியிருக்கும் காலத்தில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று விதி இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பதே மனதுக்கு ஒரு தைரியம். வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்வதும், வழி இருக்கும்போது யோசித்துப் பொறுத்துக்கொள்வதும் ஒன்றல்ல.

2020 ஏப்ரலில் கொவிட் பரவலால் தங்குவிடுதிகள் மூடப்பட்டு 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டுக் கிடந்தபோதுதான் இவர்களுடைய மனநலம் பொதுப்பேச்சுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மனிதவள அமைச்சு அமைப்புகள் பலவற்றைச் சேர்த்துக்கொண்டு ‘புராஜெக்ட் டான்’ என்ற மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. 2006லிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கு மருத்துவ உதவி செய்துவரும் ஹெல்த்சர்வ் அமைப்பு 3129 5000 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் வைத்திருக்கிறது. அறைத்தோழர் ஒருவர் நாட்கணக்கில் பேசாமல், சாப்பிடாமல் இருந்தால், “அண்ணே, என்னாச்சு, வீட்ல ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டுவிட்டு இந்த எண்ணைக் கொடுக்கலாம், அவர் தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து நாமே அழைத்துக் கொடுக்கலாம்.

அலுவலகத்துக்கு வந்தால் நிலைமை வேறு வகை. சாங்கி வணிகப் பூங்காவிலோ ராஃபிள்ஸ் பிளேஸிலோ ஐடி, வங்கி வேலை செய்பவருக்குக் குளிரூட்டிய அறையும் நல்ல சம்பளமும் உண்டு. ஆனால் நான்காம் பகுதியின் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குவதால் அவருடைய வேலைநேரத்துக்குச் சட்ட வரம்பே கிடையாது. காலையில் சிங்கப்பூர்க் குழு, பிற்பகலில் இந்தியக் குழு, இரவு ஒன்பதுக்கு லண்டன், பத்தரைக்கு நியூயார்க். நடுவில் வாட்ஸ்அப் குழுவில் மேலாளரின் செய்தி. உடனே பதில் வேண்டும் என்று அவர் கேட்டிருக்கமாட்டார். ஆனாலும் குழுவில் நாலு பேர் கட்டைவிரல் காட்டிய பிறகு ஐந்தாமவர் சும்மா இருக்க முடிவதில்லை. அந்த நேரத்தில் வந்த வேலை பத்து நிமிட வேலையாக இருக்கலாம். எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் நிலைதான் மாலை முழுவதையும் தின்றுவிடுகிறது. வேலைப்பளுவைவிட இந்தக் காத்திருப்பே பலரைத் தேய்க்கிறது என்பது என் கருத்து.

பிரான்சில் 2017லும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டிலும் வேலைநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டமானது. இங்கே நாடாளுமன்ற உறுப்பினரும் தொழிற்சங்கவாதியுமான மெல்வின் யோங் 2020ல் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். சட்டம் வரவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் மனிதவள அமைச்சும் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து வேலையிட மனநலம் பற்றிய முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பை வெளியிட்டன. வேலைநேரத்துக்குப் பின் எப்போது, எதற்காகத் தொடர்புகொள்ளலாம் என்று நிறுவனம் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்பது அதிலுள்ள பரிந்துரைகளில் ஒன்று. பரிந்துரைதான், கட்டாயமில்லை. ஆனாலும் மனிதவளப் பிரிவிடம் பேசப்போகிறவர் கையில் அது ஒரு நல்ல ஆதாரம்.

தாதியர், ஆசிரியர், பேருந்து ஓட்டுநர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத இடமில்லை. ஓட்டுநரைப் பற்றி மட்டும் ஒரு வரி: நேர அட்டவணை ஒரு பக்கம், சாலை நெரிசல் இன்னொரு பக்கம், இரண்டுமே அவர் கையில் இல்லை. கராசெக் சொன்ன ஆபத்தான மூலைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அரிது.

மூச்சுப்பயிற்சி எதுவரை உதவும்?

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் 2024ல் வெளியிட்ட ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் பதில்களை எடுத்து, மனநலச் செயலி, மன உறுதிப் பயிற்சி, ஓய்வு வகுப்பு போன்றவற்றில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டார். சேர்ந்தவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. தொண்டூழிய வாய்ப்பு ஒன்றில் மட்டும்தான் சிறிய நன்மை தென்பட்டது.

அதனால் யோகாவும் நடைப்பயிற்சியும் வீண் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. உடற்பயிற்சி தூக்கத்துக்கும் மனநிலைக்கும் உதவுகிறது என்பதற்கு வேறு சான்றுகள் ஏராளம். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு தணிவதை யாரும் தன் மணிக்கட்டில் விரல் வைத்தே உணரலாம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் காலையில் நடப்பவரை, வீரமாகாளியம்மன் கோயிலில் கண்மூடி நிற்பவரை நான் தடுக்கமாட்டேன். அவை அன்றைய அழுத்தத்தை அன்றே இறக்கிவைக்க உதவும். ஓட்டைப் படகில் தண்ணீரை இறைப்பது அவசியம்தான், ஆனால் நிறுவனம் வாளியை மட்டும் கொடுத்துவிட்டு ஓட்டையைப் பார்க்க மறுத்தால் இறைப்பவர்தான் ஒருநாள் சாய்வார்.

எங்கே கை வைப்பது?

பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு 2004ல் ஆறு இடங்களைக் குறித்துக்கொடுத்தது: வேலைச்சுமை, அதன்மீது உள்ள பிடி, மேலாளரும் சகாக்களும் தரும் ஆதரவு, உறவுகள், தன் பங்கு என்ன என்ற தெளிவு, மாற்றங்கள் நடத்தப்படும் விதம். இங்கேயும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2021ல் ஐவொர்க்ஹெல்த் என்ற இலவசக் கருத்தாய்வைக் கொண்டுவந்தது. நிறுவனம் தன் ஊழியர்களிடம் அதை நடத்தினால் எந்தப் பிரிவில் எது அழுத்துகிறது என்று தெரியவரும். ஒரு பைசா செலவில்லாத கருவி. உங்கள் நிறுவனம் மதிய நேரச் சொற்பொழிவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தால், முதலில் இதை நடத்தலாமே என்று கேளுங்கள்.

தனியாகச் செய்யக்கூடியதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு, மனம் இறுகிய வேளைகளைக் குறித்துவையுங்கள். என்ன நடந்தது, யார் கேட்டார்கள், எத்தனை மணி, அவ்வளவு போதும். பெரும்பாலும் வேலை முழுவதும் கசக்கவில்லை, அதில் இரண்டு மூன்று இடங்கள்தான் மீண்டும் மீண்டும் குத்துகின்றன என்று தெரியவரும். வெள்ளிக்கிழமை மாலை வந்து சேரும் அறிக்கையாக இருக்கலாம், இரண்டு மேலாளர்கள் இரண்டு விதமாகச் சொல்வதாக இருக்கலாம், வாடிக்கையாளர் முன்னால் வைத்துத் திட்டும் மேற்பார்வையாளராக இருக்கலாம். அதன்பின் மேலாளரிடம் போகும்போது, “எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு” என்று தொடங்காமல், “இந்த மூணு வேலையும் ஒரே நாள்ல கேட்டிருக்கீங்க. எதை முதல்ல முடிக்கட்டும், எதைத் தள்ளி வைக்கலாம்?” என்று தொடங்கலாம். முதல் பேச்சுக்கு அனுதாபம்தான் பதிலாக வரும். இரண்டாவது பேச்சுக்கு ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும்.

வேலைநேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கேட்க இப்போது முறையான வழியும் இருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். செலவு கூடும், வேலை பாதிக்கும் என்பவை ஏற்கத்தக்க காரணங்கள். ‘எனக்கு இதில் நம்பிக்கை இல்லை’ என்பது காரணமாகாது. வீட்டிலிருந்து வேலை செய்வது மட்டும்தான் இதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காலை ஏழுக்குத் தொடங்கி நாலுக்கு முடிப்பதையும் கேட்கலாம், வேலை அளவைக் குறைத்து அதற்கேற்பச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வதையும் கேட்கலாம்.

நம் பெண்களை நினைத்தே இதைக் குறிப்பாக எழுதுகிறேன். அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சமையல், பிள்ளையின் பிஎஸ்எல்இ தேர்வு, மாமியாரின் மருந்து வேளை என்று இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கிவிடுகிறது. தொடங்கும் நேரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவதால் கிடைக்கும் நிம்மதியை எந்தச் செயலியும் தராது. வீட்டில் இருக்கும் மற்றவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ள எந்த நெறிமுறையும் வரப்போவதில்லை. அதைக் குடும்பம்தான் செய்ய வேண்டும். இல்லப் பணிப்பெண் உள்ள வீடுகளில் அவருக்கும் இதே உடல், இதே மனம்தான். மாதத்துக்கு ஒரு நாளாவது பணத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாத ஓய்வுநாள் 2023 ஜனவரி முதல் அவருக்குச் சட்டப்படி உண்டு.

மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமின்றி அழுகை போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வேலை அழுத்தம் என்ற அளவைத் தாண்டி மனச்சோர்வாகவோ பதற்றக் கோளாறாகவோ மாறியிருக்கலாம். பலதுறை மருந்தகத்திலேயே தொடங்கலாம். மனச்சோர்வு, பதற்றக் கோளாறு இரண்டின் சிகிச்சைக்கும் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு பயன்படும். ஆறு மாதம் வேலையில் இருந்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு உண்டு, அது மனதுக்கும் சேர்த்துத்தான். 2025 ஜூனிலிருந்து 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1767ஐ அழையுங்கள், அது சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண்.

தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாததல்ல. மனநலக் கழகம் 1993ல் புவாங்கோக்குக்கு மாறுவதற்கு முன் உட்பிரிட்ஜ் மருத்துவமனையாக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘மனநோய் உண்டா?’ என்று படிவத்தில் கேட்கும் வழக்கமும் இருந்தது. 2020 தொடக்கத்தில் முத்தரப்பு நெறிமுறைகள் அப்படிக் கேட்கக்கூடாது என்று வரையறுத்தன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், நடப்புக்கு வந்ததும், மனநலப் பிரச்சினை இருப்பதற்காக ஒருவரை வேலையில் சேர்க்க மறுப்பதையோ நீக்குவதையோ சட்டவிரோதமாக்கும்.

25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் உள்ள நம் உணவகங்கள், நகைக்கடைகள், மளிகைக்கடைகள் பலவும் அந்தக் கணக்கில்தான் வரும். அங்கே மனிதவளப் பிரிவு கிடையாது, ஐவொர்க்ஹெல்த் பற்றி யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனால் முதலாளி கல்லாவிலேயே இருக்கிறார், தினமும் முகம் பார்க்கிறார். மாற்றம் நினைத்தால் அங்கேதான் வேகமாக வரும். அமெரிக்காவில் கேப் நிறுவனத்தின் துணிக்கடைகள் 28ல் 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஒரு சோதனை நடந்தது. ஷிஃப்ட் நேரத்தை நிலையாக்கி, முன்கூட்டியே சொல்லி, தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் வசதி செய்தார்கள். ஊழியர்களின் தூக்கம் மேம்பட்டது, விற்பனையும் 7 விழுக்காடு கூடியது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூட்டம் பெருகும் என்பதும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உட்கார நேரமிருக்காது என்பதும் எல்லாருக்கும் முன்பே தெரிந்தவை. யார் எப்போது நிற்பார், யாருக்கு எப்போது ஓய்வு என்பதை இரண்டு வாரம் முன்னதாக ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடலாம், அவசரம் வந்தவர் அடுத்தவரோடு பேசி மாற்றிக்கொள்ளவும் விடலாம்.